சட்டமும் களரியும்: ஆரம்பத் திரைப்பட நடிப்புப் பற்றிய ஒரு நோக்கு

பழுகாமம் முதலான படுவான்கரைக் கிராமங்களின் மரபில் கூத்துக்குரிய அரங்கு வட்டக்களரியாகும். நடுவே அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பிற்பாட்டு, சுற்றி ஆட்டக்காரர், நாற்புறமும் பார்ப்போர். எனவே ஆட்டக்காரனுக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதமில்லை. திரைப்பட நடிப்பின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள இக்களரி நமக்கு நல்லதோர் அளவுகோலாகும்.

1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிசில் லூமியேர் சகோதரர் காட்டிய படங்களுட் பல அன்றாட நிகழ்வுகளைப் பதித்தவை. ஒன்று மட்டும் வேறுபட்டது. தோட்டக்காரன் நீர் பாய்ச்சுகையில் சிறுவனொருவன் குழாயை மிதித்து நீரைத் தடுக்கிறான். தோட்டக்காரன் குழாயின் வாயை உற்றுநோக்கக் காலை எடுத்துவிடுகிறான். நனைந்த தோட்டக்காரன் அவனைத் துரத்திப் பிடித்து, கமராவின் முன் இழுத்துவந்து அடிக்கிறான். பிடித்த இடத்திலேயே அடித்திருக்கலாம். ஆயின் பார்ப்போருக்கு அது நன்கு புலப்பட்டிராது. ஒரு நிமிடமும் நீடியாத இப்படத்திலேயே நடிகன் சட்டத்தின் எல்லைக்குக் கட்டுப்பட்டுவிட்டான்.

அதே ஆண்டில் எடிசனின் நிறுவனம் ஸ்கொத்லாந்து அரசி மேரியின் சிரச்சேதத்தைப் படமாக்கியது. வெட்டு விழுமுன் கமராவை நிறுத்தி, நடிகருக்குப் பதிலாகப் பொம்மையை வைத்தனர். மேரியாகத் தோன்றியவர் ஓர் ஆண். 1913இல் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்த சாளுங்கேயும் ஆணே. பெண்கள் நடிப்பது இழிவெனக் கருதப்பட்ட சமூகநிலையே பால்கேயை அவ்வழிக்குத் தள்ளியது. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்த நமது கூத்து மரபையும் இதனோடு ஒப்புநோக்குதல் தகும்.

1908இல் பிரான்சின் புகழ்பெற்ற மேடை நடிகர் 'கைஸ் கோமகனின் கொலை' என்ற படத்தில் தோன்றினர். அக்காலக் கமரா பெரும்பாலும் அசையாது நின்றது, உடல் முழுவதும் தெரிந்தது, குரல் இல்லை. ஆகவே கையும் உடலுமே பேசவேண்டியிருந்தன. இதனைப் பின்வந்தோர் 'மிகைநடிப்பு' என எள்ளினர். அண்மைக் காட்சி பெருகியபோது முகமே நடிப்பாயிற்று. ஆற்றற் குறைவன்று, கருவியின் தன்மையே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

நம் கூத்தும் இத்தகைய மாற்றமொன்றைக் கண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருக்கி அமைத்தார். நாற்புறம் நோக்கிய ஆட்டம் ஒருபுறம் நோக்கியது. அதனாற் கூத்து நகரத்தாரின் மதிப்பைப் பெற்றது. களரியின் வட்டமோ மறைந்தது.

இன்று கூத்தைக் கமராவிற் பதிவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். முகத்தை மட்டும் அண்மையிற் காட்டினால் தாளத்துக்கு அடிவைக்கும் கால்கள் மறையும்; ஒரே இடத்தில் நின்று பதிந்தால் வட்டம் நேர்கோடாகும். அத்தகைய பதிவைக் காணும் அடுத்த தலைமுறை, கூத்தனையும் மிகைநடிகன் என்றே தீர்ப்பளிக்கும். களரியைச் சுற்றிப் பல இடங்களில் நின்று, கால்களும் பிற்பாட்டுக்காரரும் பார்ப்போரும் உட்பட முழு இரவையும் பதிவதே முறை. இம்முறை கூத்தன் சட்டத்துக்குள் இழுக்கப்படலாகாது. சட்டமே களரியைச் சுற்றி வருதல் வேண்டும்.