பழைய டிராக்டரின் தூக்கும் கருவியும் அதன் எண்ணெயும்

ஹாரி பெர்குசன் வகுத்த டி.ஈ.20 என்னும் சிறு டிராக்டர் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்டது. எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பே அதன் சிறப்பு. சென்னையில் 1960-ல் தோன்றிய டாபே கம்பெனியின் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களும் அவ்வழி வந்தவையே.

டி.ஈ.20 வண்டியை இன்றும் வைத்திருப்போர் முக்கியமாய் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அதில் பற்சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பம்பிற்கும் எண்ணெய் ஒன்றே. ஆகையால் பற்சக்கரங்கள் தேய்ந்துதிரும் இரும்புத்தூள் பம்பையும் அரிக்கும். அளவுகோலை உருவுமுன் சுற்றிலுமுள்ள புழுதியைத் துடைத்தல் அவசியம். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்ததென்று அறிக. கியர்த் தடியின் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் உள்ளிறங்கும். உறையை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண் செலவேயாகும். வண்டி ஓடிச் சூடேறிய பின் வடித்தால் அழுக்கும் உடன் வெளிப்படும்.

கலப்பை எழவில்லையெனில் உடனே பம்பைக் கழற்றலாகாது. அப்பம்பு பி.டி.ஓ. தண்டினால் இயங்குவது. அதன் நெம்புகோல் இணைந்துள்ளதா, எண்ணெய் போதிய அளவுள்ளதா என முதலிற் பார்க்கவும். என்ஜினை நிறுத்தியதும் கலப்பை விரைவில் இறங்கிவிடின், பிஸ்டன் வளையங்களோ வால்வோ தேய்ந்திருக்கக் கூடும்.

எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பித் தூக்கிய கலப்பையின் கீழ் எவரும் புகலாகாது. வேலை முடிந்ததும் அதைத் தரையில் இறக்கியே வண்டியை நிறுத்துக. பலர்க்கும் பொதுவாய் ஓடும் வண்டிக்கு, எண்ணெய் மாற்றிய தேதியைக் கிராம அதிகாரிகள் ஏட்டிற் குறித்து வரச் செய்தல் நலம். எண்ணெய்க்காகும் செலவு சிறிது. பருவந்தவறிய உழவையும் ஆளுக்கு நேர்ந்த ஊனத்தையும் பணத்தால் ஈடு செய்ய இயலாது.