துப்பாக்கிக்குள் ஊதும் மூச்சுக்கும் மார்க் உண்டு, தெரியுமா?

சுட்ட சத்தம் முதலில் வந்துவிடும். குண்டு அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். இப்படியும் ஒரு துப்பாக்கிப் போட்டி இருக்கிறது, தெரியுமா?

கருமருந்து ரைஃபிள் போட்டி என்று அதற்குப் பெயர். 19-ஆம் நூற்றாண்டு பாணித் துப்பாக்கி, வார்த்தெடுத்த ஈயக்குண்டு, புகை கக்கும் கருப்பு வெடிமருந்து. இவற்றை வைத்துக்கொண்டு 800, 900, 1000 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் இலக்கை அடிக்க வேண்டும். 1000 கெஜம் என்றால் 914 மீட்டர்! குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 400 மீட்டர். அது ஒலியைவிட வேகம்தான். ஆனால் காற்று விடுமா? கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே இழுத்துப் பிடித்து ஒலியைவிட மெதுவாக்கிவிடுகிறது. குண்டு இலக்கைத் தொட மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. சத்தமோ இரண்டே முக்கால் விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இலக்குக்குக் கீழே பள்ளத்தில் இருந்து மார்க் காட்டுகிறவர்கள் 'டமார்' என்று கேட்டு, ஒரு கணம் காத்திருந்து, அதன் பிறகுதான் குண்டு அடிப்பதைப் பார்க்கிறார்கள்.

அந்த மூன்று விநாடியில் புவியீர்ப்பு என்ன செய்கிறது தெரியுமா? குண்டை நாற்பது மீட்டருக்கும் மேல் கீழே இழுக்கிறது. அதை ஈடுகட்டக் குழலை ஏறக்குறைய மூன்று டிகிரி உயர்த்திப் பிடிக்க வேண்டும். குண்டு பாதி வழியில் மூன்று மாடிக் கட்டிடத்தின் உயரத்துக்கு ஏறி, வளைந்து இறங்கி, இலக்கில் விழுகிறது. இதைத் தொலைநோக்கி பொருத்தாத துப்பாக்கியால் சாதிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இந்த விளையாட்டு உலகப் புகழ் பெற்றது 1874-இல். அதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்தின் விம்பிள்டனில் (டென்னிஸுக்குப் பெயர் போன அதே விம்பிள்டன்தான்) எல்கோ கேடயம் என்ற துப்பாக்கிப் போட்டிப் பரிசை வென்றிருந்தது அயர்லாந்து அணி. வென்ற கையோடு, அணியின் தலைவர் ஆர்தர் பிளென்னர்ஹாசெட் லீச், அமெரிக்கர்களுக்கு நியூயார்க் ஹெரால்ட் பத்திரிகை வழியாகப் பகிரங்கமாகச் சவால் விட்டார். ஏற்றுக்கொண்டது நியூயார்க்கின் அமெச்சூர் ரைஃபிள் கிளப். அவர்களுக்கு 1000 கெஜம் என்பதே புதிது. அந்தத் தூரத்துக்கு ஏற்ற துப்பாக்கிகூட அமெரிக்காவில் அப்போது இல்லை! ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் சில மாதங்களில் செய்து கொடுத்தன. ரெமிங்டன் துப்பாக்கியை வடிவமைத்த லூயிஸ் ஹெப்பர்ன் அணியில் சேர்ந்து தானும் சுட்டார். எதிரணியில் மட்டும் என்ன? அயர்லாந்து வீரர்கள் கையில் இருந்தவை டப்ளின் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜான் ரிக்பியின் துப்பாக்கிகள். அந்த ரிக்பியும் அணியில் ஒருவர்!

இனி தயாரிப்புக்கு வருவோம். என்னைக் கேட்டால் போட்டியைவிட இதுதான் பெரிய அதிசயம். சுடுவதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

முதலில் குண்டு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் இருபதுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து, அச்சில் ஊற்றி, ஒவ்வொரு குண்டையும் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரு குண்டு முப்பது கிராமுக்கு மேல் எடை இருக்கும். மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஒரு கிராமில் நூறில் சில பங்கு குறைந்தாலும் அந்தக் குண்டு திரும்ப உருக்கும் சட்டிக்கே போகும். எடை குறைந்தது என்றால் உள்ளே எங்கோ காற்றுக்குமிழி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் கனமாகச் சுழலும் குண்டு 1000 கெஜத்தில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, நம்பவே முடியாதது: அந்தக் குண்டுக்குக் காகிதச் சட்டை போடுகிறார்கள்! பருத்திக் கூழில் செய்த மிக மெல்லிய தாள். அதை இணைகரமாக நறுக்கி, நனைத்து, விரலால் உருட்டி, சரியாக இரண்டே சுற்று சுற்றுகிறார்கள். தாளின் இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, நடுவில் இடைவெளியும் விடக்கூடாது. மிஞ்சிய வாலை அடியில் முறுக்கி மடித்துவிட்டுக் காயவைத்தால் தாள் சுருங்கி, ஈயத்தோடு தோலாக ஒட்டிக்கொள்கிறது. எதற்கு இவ்வளவு பாடு? குழலுக்குள் இருக்கும் சுழல் பள்ளங்களில் மிருதுவான ஈயம் உரசி அப்பிக்கொள்ளாமல் காப்பது இந்தத் தாள்தான். குண்டு வெளியே வந்த அந்தக் கணமே தாள் சுக்குநூறாகக் கிழிந்து உதிர்ந்துவிட வேண்டும். பயிற்சியின்போது சுட்டு முடித்ததும், களத்தில் அனுமதி கொடுத்த பிறகு, சிலர் முன்னால் நடந்துபோய்ப் புல்லில் கிடக்கும் அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பள்ளங்களின் விளிம்பில் வெட்டுப்பட்டு நேரான கீற்றுகளாக இருந்தால் மனசு நிறையும். கருகியோ பிய்ந்தோ இருந்தால் திரும்பவும் தாளை மாற்று, மருந்தை மாற்று, முதலிலிருந்து ஆரம்பி!

எல்லோரும் தாள் சுற்றுவதில்லை. குண்டைச் சுற்றிப் பள்ளம் வைத்து, அதில் தேன்மெழுகும் எண்ணெயும் கொழுப்பும் கலந்த பசையை நிரப்புகிறவர்களும் உண்டு. சுட்ட பிறகு குழல்வாயில் நட்சத்திரம் மாதிரி பசை படிந்திருந்தால் பசை கடைசி அங்குலம் வரை போதுமாக இருந்தது என்று அர்த்தம். நட்சத்திரம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

மருந்து விஷயத்துக்கு வாருங்கள். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இவ்வளவுதான் கருமருந்து. ஆனால் அதை வெறுமனே கொட்டிவிட முடியாது. இரண்டடி நீளப் பித்தளைக் குழாய் வழியாகச் சிறுகச் சிறுக உதிரவிடுகிறார்கள். விழுகிற மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிகின்றன. மேலே ஓர் அட்டை வில்லையை வைத்து அழுத்தி, அதற்குமேல் குண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலியிடம் விடவே கூடாது. விட்டால் குழல் புடைத்துவிடும், வெடித்துவிடவும் கூடும். இந்த ஒரு விதியில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள்.

வெடியுப்பு என்றதும் ஒரு கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வெடித்த மருந்தில் நம் நாட்டு மண் இருந்தது, தெரியுமா? அந்தக் காலத்தில் தரமான வெடியுப்பு என்றால் பீகார்தான். அங்கே நோனியா மக்கள் உப்பு பூத்த மண்ணை அலசி, காய்ச்சி எடுத்த வெடியுப்பு பிரிட்டன் வழியாக உலகமெல்லாம் போனது. 1861-இல் வெடிமருந்துத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த லாமோ டூபான்ட், அமெரிக்காவின் வடமாநிலங்களுக்காக லண்டனில் அதை மொத்தமாக வாங்கிக் குவித்தார். அந்த நேரம் பார்த்து இரு நாடுகளுக்கும் தகராறு முற்ற, பிரிட்டிஷ் பிரதமர் பால்மர்ஸ்டன் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டார். தகராறு தீர்ந்த பிறகுதான் சரக்கு கப்பல் ஏறியது!

இப்போது தலைப்பில் சொன்ன மூச்சு.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாது. திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையாக வெளியே போக, மீதி குழலுக்குள் கரியும் உப்புமாகப் படியும். ஒரு குண்டு சுட்ட உடனே உள்ளே ஓர் அழுக்குப் படலம் வந்துவிடுகிறது. காற்று வறண்டிருந்தால் அது கல்லாக இறுகும். அடுத்த குண்டு அதில் உரசி இடறினால் குறி தப்பியது தப்பியதுதான். இதற்குச் சுடுகிறவர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்: காலித் தோட்டாக் கூட்டின் அடியில் ஓட்டை போட்டு, ரப்பர் குழாய் பொருத்தி, அதைக் குழலின் பின்வாயில் செருகி வாயால் ஊதுகிறார்கள்! நம் மூச்சில் இருக்கும் ஈரம் அந்தப் படலத்தை மிருதுவாக்கிவிடுகிறது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, வெறும் மூச்சு! ஆனால் எண்ணி ஊத வேண்டும். மழைக்காற்று வீசும் நாளில் குறைவாக, வெயில் கொளுத்தும் நாளில் கூடுதலாக. ஈரம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே நிதானம். பயிற்சியில் எத்தனை மூச்சு ஊதினார்கள், அன்றைக்கு ஈரப்பதம் என்ன, குண்டு எங்கே போனது என்று நோட்டில் எழுதிவைப்பவர்கள்தான் போட்டி நாளில் தடுமாறாமல் இருக்கிறார்கள். ஊதுவதற்குப் பதில் ஈரத்துணியைக் குழலுக்குள் செலுத்தித் துடைப்பவர்களும் உண்டு.

போட்டி முடிந்து துப்பாக்கியைக் கழுவ எது சிறந்தது? விலை உயர்ந்த எண்ணெய் இல்லை, தண்ணீர்! மிஞ்சியது உப்பு என்பதால் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. காலிக் கூடுகளைச் சுடச்சுடச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுவார்கள். மறந்தால் பித்தளை அரித்துவிடும்.

குறிபார்க்கும் கருவி இன்னோர் ஆச்சரியம். துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு நெட்டுக்குத்தான சட்டம் இருக்கும். அதில் 1631-இல் பிரான்ஸின் பியர் வெர்னியே வெளியிட்ட நுண்ணளவுகோல். பள்ளிக்கூடப் பௌதிகச் சோதனைச் சாலையில் நாம் பிடித்துப் பார்த்த அதே வெர்னியர்! ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஏற்றினால் 1000 கெஜத்தில் குண்டு பத்தரை அங்குலம் மேலே போகும். குழல்வாய்ப் பக்கம் கொத்தனார் வைத்திருப்பது போன்ற ரசமட்டம், ஆனால் குட்டியாக. அது ஏன்? துப்பாக்கி ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தாலும் குண்டு இரண்டடிக்கு மேல் விலகிப் போகும். 1874-இல் மையச் சதுரத்தின் மொத்த அகலமே மூன்றடி! பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று வீசினால் கதை முடிந்தது. ஏறக்குறைய 12 அடி தள்ளிவிடும். அன்றைய இலக்குப் பலகையின் முழு அகலம் 12 அடிதான். அதனால்தான் கொடியை, புல்லை, தொலைநோக்கியில் தெரியும் கானல் அலையைப் படிக்கத் தெரிந்த ஒரு கூட்டாளி பக்கத்தில் இருக்க வேண்டும். புகை மறைப்பதால் சுட்டவருக்குத் தன் குண்டு எங்கே போனது என்று தெரியாது.

அந்தக் காலத்தில் எப்படிச் சுட்டார்கள் தெரியுமா? சிலர் குப்புறப் படுத்து. சிலர் மல்லாந்து படுத்து, குழலைத் தங்கள் கால்மேல் சாய்த்து! 1874-இல் அதிக மார்க் எடுத்த ஹென்றி ஃபுல்டன் சுட்டது அப்படித்தான். 180-க்கு 171!

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மோர் மைதானம். ஆயிரக்கணக்கில் கூட்டம். அணிக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒவ்வொரு தூரத்திலும் 15 குண்டு. 800 கெஜத்தில் அமெரிக்கா 326, அயர்லாந்து 317. 900-த்தில் அயர்லாந்து 312, அமெரிக்கா 310. 1000-த்திலும் அயர்லாந்தின் கை ஓங்கியது. கடைசியில் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. மிச்சம் ஒரே ஒரு குண்டு. அதைச் சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். தாகத்துக்குக் கொடுத்த இஞ்சி பீர் பாட்டில் உடைந்து அவர் கையில் ரத்தம்! கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். மையம்! நாலு மார்க். அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

இந்த மைதானம் பிறகு மூடப்பட்டு மனநல மருத்துவமனையானது. அக்கம்பக்கத்தில் வின்செஸ்டர் பொலிவார்ட், மஸ்கெட் தெரு என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. லீச் அன்று பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கோப்பைக்கு அமெரிக்காவில் இன்றும் போட்டி நடக்கிறது.

அயர்லாந்து தோற்றது எதனால் தெரியுமா? ஈயத்தாலோ மருந்தாலோ காற்றாலோ இல்லை. 900 கெஜத்தில் அவர்களுடைய ஜே.கே. மில்னர் அருமையாகக் குறிபார்த்துச் சுட்டு மையத்தையே அடித்தார். ஆனால் அது பக்கத்துப் பலகை! கிடைத்திருக்க வேண்டியது நாலு மார்க், கிடைத்தது பூஜ்யம். தோற்றது மூன்று மார்க்கில். அந்த விதி இன்றும் மாறவில்லை. அடுத்தவர் பலகையில் நட்டநடு மையத்தை அடித்தாலும் தவறிய குண்டாகவே எழுதுவார்கள். ஆகவே இந்தப் போட்டிக்குத் தயாராகும் யாரும், விசையில் விரல் வைக்கும் முன் பலகையின் எண்ணை இன்னொரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.