வார் உறுதி; தரை உறுதியா?

1932இல் ஃபோர்டு நிறுவனம் வி8 இயந்திரம் பொருத்திய காரைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் அத்தகைய பழைய கார்களை மலிவாக வாங்கி, எடையைக் குறைத்து, இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினர். இப்படி மாற்றிக் கட்டப்படும் கார்தான் ‘ஹாட் ராட்’. இன்றும் பலர் அதைத் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே உருவாக்குகிறார்கள்.

அந்தக் கால ஃபோர்டு கார்களில் இருக்கை வார் கிடையாது. இன்று நாம் அணியும் மூன்று முனை வாரை வால்வோ பொறியாளர் நீல்ஸ் பொலின் வடிவமைக்க, அது 1959இல்தான் கார்களில் இடம்பெற்றது. ஆகவே, ஹாட் ராட் கட்டுபவரே வாரைப் பொருத்த வேண்டும். கடையில் வாங்கி, தரையில் துளையிட்டு முடுக்கினால் போதாதா?

இயற்பியல் பாடத்தில் படித்ததைக் கொண்டு கணக்கிடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். கார் மோத, அவரது உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது. அவரது இயக்க ஆற்றலை அந்தத் தூரத்தால் வகுத்தால், சராசரி விசை சுமார் 11,600 நியூட்டன். அது ஒரு டன்னுக்கும் அதிகமான எடைக்குச் சமம். உச்ச விசை அதைவிடக் கூடுதல். இடுப்பு வார் மட்டுமுள்ள இருக்கையின் பிடிமானங்கள் 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 22,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

மெல்லிய தகரத் தரையோ கண்ணாடியிழைத் தரையோ தனியாக அதைத் தாங்காது. வார் அறாமல் இருக்கலாம். ஆனால் சிறிய வாஷருடன் முடுக்கிய போல்ட் தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் தரைக்கு அடியில் அகலமான, தடித்த எஃகுத் தகடு வைத்து விசையைப் பரப்ப வேண்டும். கண்ணாடியிழை உடல் என்றால் வாரை உள்ளிருக்கும் எஃகுச் சட்டத்தில் பிணைக்க வேண்டும். இருக்கையும் அதே அளவு உறுதியாக நிற்க வேண்டும்.

கோணமும் முக்கியம். இடுப்பு வார் இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். பிடிமானம் மிகவும் பின்னால் இருந்தால் வார் மேலேறி, மென்மையான வயிற்றை அழுத்தும். தோள் வாரைத் தோளிலிருந்து நேராகத் தரைக்கு இழுத்துக் கட்டினால், மோதலின்போது அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். எனவே தோள் உயரத்தில் உறுதியான குறுக்குச் சட்டம் தேவைப்படுகிறது.

அடுத்த முறை காரில் ஏறும்போது, உங்கள் தோள் வார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கதவோரத் தூணில், தோள் உயரத்தில் தொடங்கும். அது வெறும் வசதிக்காக வைத்த இடமல்ல. கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த இடம்.