படக் கோப்பு வழியே நுழையும் திருடன்: கணினியின் சிட்டையைக் கவனிப்போம்

விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றல் விலைப்பட்டியலைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அருப்புக்கோட்டை மொத்தக் கடைக்காரர் சரக்கின் தரத்தை வீடியோவில் காட்டுகிறார். வீரசோழனில் கடை வைத்திருக்கும் நாம் அதைப் பில் போடும் கணினியிலேயே திறந்து பார்த்துவிடுகிறோம். படம்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்பது பலருடைய எண்ணம். அது சரியல்ல.

2019 நவம்பரில் வாட்ஸ்அப் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. வேண்டுமென்றே கோளாறாகத் தயாரித்த எம்பி4 வீடியோவை ஒருவர் அனுப்பினால், செயலியில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய கட்டளை நம் போனில் ஓடக்கூடும் என்பது அதன் சாரம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. திருத்திய பதிப்பு வந்துவிட்டது. யாரும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்றது நிறுவனம். அதே ஆண்டு ஜூனில் வெளியான விஎல்சி 3.0.7 பதிப்பில் முப்பதுக்கு மேற்பட்ட ஓட்டைகள் அடைக்கப்பட்டன. (கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பு படமே அல்ல, அது வேறு வகை மோசடி.)

வீடியோ கோப்பின் தலைப்பில் அளவுக் குறிப்பு இருக்கும். பத்துப் படி என்று எழுதிவிட்டு இருபது படி கொட்டினால் சாக்கு நிரம்பி வழியும் அல்லவா? அதுபோல, அளந்து பார்க்காத மென்பொருளில் மீதி வழிந்து பக்கத்து நினைவகத்தில் விழும். வழிகிற அந்தப் பகுதியில்தான் திருடனின் கட்டளை இருக்கும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் தெரிந்த திருடனைத்தான் பிடிக்கும். ஆகவே பெரிய நிறுவனங்களில் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறார்கள். எந்த மென்பொருள் எதைத் தொடங்கியது என்று கணினியைச் சிட்டை எழுத வைத்து, அதனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பாட்டுப் போடும் மென்பொருள் எப்போதாவது கமாண்ட் பிராம்ப்ட்டையோ பவர்ஷெல்லையோ தொடங்கியதா? எடை போடும் ஆள் கல்லாவைத் திறந்தால் நாம் ஏன் என்று கேட்போம். இதுவும் அப்படித்தான். திருடனின் பெயர் தெரிய வேண்டியதில்லை; வேலை மாறியிருப்பதே போதும்.

நம் கடைக் கணினியிலும் இது முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வசதி உண்டு. ஆனால் நாமாக இயக்கினால்தான் எழுதத் தொடங்கும். புரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் இயக்கலாம். ஹோம் பதிப்பில் அந்த மெனு கிடையாது; மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் சிஸ்மான் கருவியைப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஈவென்ட் வியூவரில் 4688 என்ற எண்ணை (சிஸ்மான் என்றால் 1) வடிகட்டி, தொடங்கி வைத்தது யார் என்ற வரியில் விஎல்சி பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் நிரம்பினால் பழைய பதிவு அழிந்துவிடும். ஆகவே பதிவேட்டின் அளவைக் கூட்டி வைக்கும்படி கணினி பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். இணைப்பைச் சொடுக்கியதால் பிரவுசர் திறந்ததும் பதிவில் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் தானாக மூடிக்கொண்டால் அதையும் குறித்து வையுங்கள்.

வேறெதையும் தொடங்காமல் பிளேயருக்குள்ளேயே பதுங்கும் திருடனை இந்தக் கேள்வி பிடிக்காது. போனில் இப்படிப் பார்க்கவும் வழியில்லை. புதிய பதிப்பை உடனுக்குடன் ஏற்றுவதே முக்கியமான காப்பு.

சந்தேகமான பதிவு கண்ணில் பட்டால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கணினியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். தடயம் அந்தச் சிட்டையில் இருக்கிறது. வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசுங்கள். கடன் பாக்கியும் ஜிஎஸ்டி கணக்கும் அடங்கிய நகலை, கணினியில் செருகி வைக்காத பென்டிரைவில் வாரம் ஒருமுறை எடுத்து வீட்டில் வையுங்கள்.