பழைய கணக்கு மென்பொருளும் உபுண்டுவில் யாவாவும்

எங்கள் ஊர்ச்சங்கத்தின் பதினொரு வருடக் கணக்கு, யாவாவில் எழுதிய பழைய மென்பொருள் ஒன்றுக்குள் இருக்கிறது. மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 24.04 போட்டதும் அது திறக்கவில்லை. யாவா இயக்கச்சூழல் வேண்டும். வழமையாகக் கிடைப்பது 21ஆம் பதிப்பு, அதுவும் சரிவரவில்லை. 2014இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்த சில பகுதிகள் 11இல் நீக்கப்பட்டுவிட்டன, எனது மென்பொருளுக்கோ அவை தேவை.

கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்த பிறகே முனையத்தைத் திறந்தேன். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டோல்' என்பதோடு 'ஓப்பன்ஜேடிகே-8-ஜேஆர்இ' என்று ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். (இறுதியில் 'ஹெட்லெஸ்' என்று வருவதைத் தொடாதீர்கள், அதில் சாளரங்கள் திறக்காது.) இரு பதிப்புகளும் இருந்தால் 'அப்டேட்-ஒல்டர்னேட்டிவ்ஸ்' கட்டளையில் 8ஐத் தெரிவு செய்யலாம். ஒராக்கிளின் யாவா 8 புதுப்பிப்புகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து வர்த்தகப் பாவனைக்குக் கட்டணம், ஓப்பன்ஜேடிகே இலவசம். கணக்காளன் புத்தி அதைத்தானே முதலில் பார்க்கும்!

மென்பொருள் திறந்தது. மீதி சதமும் பிசகவில்லை.