உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேஷன் பெயரில் ஒரு வண்டிக் கம்பெனி

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டைக்கு ரயில் ஏறினால் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் தாண்டி 'பெமல் நகர்' வரும். முதல் மூன்றும் வெள்ளைக்காரன் தங்கம் தோண்டிய சுரங்கங்களின் பெயர்கள். நான்காவது, 1964-இல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. சங்கிலிப் பட்டையில் ஊரும் புல்டோசரும், மண் அள்ளும் எக்ஸ்கவேட்டரும் இங்கே உருவாகின்றன. தொழில்நுட்பத்துக்கு ஜப்பானின் கொமட்சு கைகொடுத்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது, பெமல் தாக்குப்பிடித்தது.

இந்தியக் கார் சந்தையில் கதை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயில் கார் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் வந்தது. 1953-இல் அரசு பிடி இறுக்கியது: கப்பலில் வரும் பாகங்களைப் பூட்டி விற்றால் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும். இரண்டும் மூட்டை கட்டின. தொண்ணூறுகளில் திரும்பி வந்து, மறுபடியும் போயின! 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. சின்னக் கார் கேட்கும் ஊரில் மாருதியும் ஹூண்டாயும் முந்திக்கொண்டால் வேறென்ன நடக்கும்?

இதில் ஒரு வேடிக்கை. அம்பாசடர் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், திருவள்ளூரில் மண் அள்ளும் இயந்திரங்களும் செய்துவந்தது. அந்த ஆலையை வாங்கியது அமெரிக்காவின் கேட்டர்பில்லர். அங்கே இன்றும் வேலை நடக்கிறது. பெமலுக்கு அதுவும் ஒரு போட்டி.