இன்ஜின் விடும் மூச்சு... குட்டி ஃபில்டர் தேவையா?

அனுமந்தன்பட்டியிலிருந்து கிளம்பி கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டினால் குமுளி மலைப்பாதை. குறைந்த கியரில் கார் ஏறும்போது உள்ளே ஆயில் வாசனை வீசுகிறதா? பானெட்டைத் திறந்து பாருங்கள். பழைய கார் என்றால், முன்பு வைத்திருந்தவர் கூம்பு வடிவ 'பிரீதர் ஃபில்டர்' மாட்டியிருக்கலாம்.

இன்ஜினில் எரிந்த வாயு கொஞ்சம், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் கசியும். பெட்ரோல் ஆவி, ஆயில் துளி, ஈரம் எல்லாம் கலந்த புகை அது. முன்பெல்லாம் அதை அப்படியே ரோட்டில் விட்டார்கள். 1961 மாடல் கார்களுக்கு கலிஃபோர்னியாவில் பி.சி.வி வால்வு வந்தது. அதன் வழியே புகையை இன்ஜினே உறிஞ்சி, மீண்டும் எரித்துவிடும்.

பிரீதர் ஃபில்டர் இந்தச் சுற்றை உடைத்து, புகையை வெளியே விடுகிறது.

லாபம்: இன்டேக் குழாய், த்ராட்டில் பாடியில் ஆயில் படலம் குறையும். விலையும் குறைவு. பவர் கூடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நஷ்டம்: உறிஞ்சும் இழுவை போவதால் ஈரம் உள்ளேயே தங்கி ஆயில் சீக்கிரம் கெடும். இன்டேக் பக்கத்துத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் 'செக் இன்ஜின்' விளக்கு எரியலாம். ஃபில்டர் தூசியைத்தான் தடுக்கும். நச்சு வாயுவை அல்ல. அது பின்சீட்டுக் குழந்தை வரை வரும்.

ஆயில் படிவதுதான் கவலையா? 'கேட்ச் கேன்' மாட்டலாம். ஆயிலைப் பிடித்துக்கொண்டு புகையை இன்டேக்குக்கே அனுப்பும்; அவ்வப்போது காலி செய்தால் போதும்.

ஆயில் அதிகமாகக் கக்கினால் பி.சி.வி வால்வையும், கம்ப்ரஷனையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். ரிங் தேய்ந்த இன்ஜினை எந்த ஃபில்டரும் காப்பாற்றாது!